மகன் சொல்லக் கூசிய வார்த்தை

2002ஆம் ஆண்டு மழைக்காலம். புனேயில் ஓர் ஆஸ்பத்திரியின் கீமோ வார்டு. மார்பில் வந்த புற்றுநோய்க்காக நான்காவது முறை ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். கணவருக்கு அதே ஊரில், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. முப்பது வருஷமாக அங்கேதான் குடியிருப்பு என்பதால் மராத்தி காதில் ஏறிவிட்டது. ஆனால் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுவேன்.

பக்கத்துக் கட்டிலில் சேலத்து அம்மா ஒருவர். மகனுக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவருக்கு அன்று இரண்டாவது முறை. சிஸ்டர் சிவப்பு மருந்தை எடுத்து வந்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாஞ் சாமி. ஊருக்கே கொண்டுபோய் உட்டுரு."

மகன் கெஞ்சினார். வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று இந்தியில் சொன்னார் சிஸ்டர். மகன் டாக்டரைத் தேடி ஓடினார். அந்த அம்மா என் காதோடு சொன்னார்:

"போன தடவ ஊசி போட்டு ரெண்டு நாளைக்கு ரத்தமாத்தானுங்க ஒண்ணுக்குப் போச்சு. உள்ளாற அறுத்துப் போட்டுருச்சு. ஆம்பளப் பையன்கிட்ட எப்படிங்க சொல்றது?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. முதல் முறை நானும் அப்படித்தான் கக்கூஸில் நின்று அழுதேன். அது ரத்தமில்லை, மருந்தின் நிறம் என்று பிறகுதான் டாக்டரம்மா சொன்னார்.

மகன் திரும்பி வந்தார். "ஏன் தம்பி, மருந்து செவப்பாத்தான் வெளிய போகும்னு அம்மாகிட்டச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சிஸ்டர் சொன்னாங்க ஆன்ட்டி. அம்மாகிட்டப் போய் யூரின் அது இதுன்னு... பயப்படாதீங்கன்னு மட்டும் சொன்னேன்."

மகனுக்குக் கூச்சம், அம்மாவுக்கும் கூச்சம். நடுவில் ஓர் உயிர் போகப் பார்க்கிறது. எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, கையில் சலைன் குழாயோடு எழுந்து நின்றுவிட்டேன்.

"மாவ்ஷி, காலி பஸா!" சித்தி என்று கூப்பிட்டு, கீழே உட்காரச் சொல்லி அதட்டினார் சிஸ்டர்.

"நாஹி பஸ்ணார்." உட்கார மாட்டேன் என்றேன்.

பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னேன்: "அக்கா, மூத்திரம் செவப்பாத்தான் போகும்! மருந்தோட கலரு அது. தண்ணி நல்லா குடிங்க, ரெண்டு நாள்ல வெளுத்துரும். வெளுக்கலைன்னாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே இங்க ஓடி வாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு வீட்ல கெடக்காதீங்க. முடி கொட்டும், மறுபடி மொளைக்கும். இதோ பாருங்க!"

தலைத்துணியை அவிழ்த்தேன். என் மொட்டைத் தலையை அதுவரை கணவருக்குக்கூடக் காட்டியதில்லை.

அந்த அம்மா உற்றுப் பார்த்தார். "இன்னும் மொளைக்கலீங்களே?"

"மொளைக்கும்போது மொளைக்கட்டும். தலை இருக்குல்ல?"

சிரித்துவிட்டார். சிரித்தபடியே கையை வெளியே நீட்டினார்.

அடுத்த முறை ஒரு தமிழ்க் குடும்பம் வந்தபோது, "மாவ்ஷி, இகடே யா", இங்கே வாருங்கள் என்று அதே சிஸ்டர்தான் என்னைக் கூப்பிட்டார். என் வைத்தியம் முடிந்த பிறகும் இப்படி எடுத்துச் சொல்லப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இன்றும் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் எழும்பாது. ஆனால் யார் முகம் சுளித்தாலும் சரி, அந்த வார்டில் அந்த வார்த்தையை மட்டும் நான் மெதுவாகச் சொல்வதில்லை.