ஜோடிப் பாட்டில் என் பாதி

"மேரி, இந்த மாசமும் ரீத்தாவே பாடட்டும் லா. நீ பிள்ளையப் பாத்துக்க."

எங்கள் பேண்டு தலைவர் சேவியர் அண்ணன் இப்படிச் சொன்னபோது என் குழந்தைக்கு மூன்று மாதம். ரீத்தா என் தங்கை.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் எஸ்டேட் மேனேஜர்கள் கிளப்பில் சனிக்கிழமைதோறும் எங்கள் ஷோ. ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடிய பழைய இங்கிலீஷ் கன்ட்ரி ஆல்பம் ஒன்றின் மேல் அங்கே எல்லோருக்கும் பைத்தியம். புருஷன் பெண்டாட்டி சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. எல்லாமே ஜோடிப் பாட்டு. கேசட்டின் இரண்டு பக்கத்தையும் நானும் அண்ணனும் அப்படியே பாடுவோம். அவர் கித்தாரும் வாசிப்பார். வாரம் முழுக்க நான் ஃபேக்டரியில் நூறு பேரில் ஒருத்தி. சனிக்கிழமை மட்டும் எனக்கு ஒரு பேர் இருந்தது.

பிரசவத்துக்காகப் பாடுவதை நிறுத்தியபோது என் இடத்துக்கு ரீத்தாவை நானேதான் அனுப்பினேன். "அக்கா, ஒன் செவப்பு கவுனக் குடேன்" என்றாள். கொடுத்தேன். என்னைவிட அவளுக்கு எடுப்பாக இருந்தது.

சர்ச்சில் பார்த்தவர்கள் எல்லாம், "ஒன் தங்கச்சி பிச்சு ஒதறுறாளாமே!" என்றார்கள். சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கிளப்புக்குப் போய்ப் பின்வாசலில் நின்றேன். ரீத்தா எங்காவது தடுமாற வேண்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. தடுமாறவில்லை. அண்ணன் பாடிய சண்டை வரிக்கு, இடுப்பில் கை வைத்து அவள் பதில் பாடியதும் கிளப்பே கைதட்டியது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்று பாடுகிறவள்.

அடுத்த பாட்டில் 'ரிவர்' என்று வர வேண்டிய இடத்தில் 'லிவர்' என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் தப்பு. தேய்ந்த கேசட்டில் அப்படித்தான் என் காதில் விழுந்தது. பிள்ளை பெற்று வீட்டிலிருந்தபோது புதுக் கேசட் கேட்டுத்தான் சரியான வார்த்தை தெரிந்தது. அப்படியென்றால், ரீத்தா படித்தது கேசட்டைக் கேட்டு அல்ல, வீட்டில் நான் பாடப் பாட என்னைக் கேட்டு. மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. என் தப்போடு சேர்த்துப் பாடியும் கைதட்டு வாங்குகிறாளே!

இடைவேளையில் நேராக அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, எனக்கு எடம் இருக்கா, இல்லயா?"

"ஜோடின்னா ரெண்டு பேருதானே மேரி. இங்க அவளத்தான் கேக்குறாங்க. நான் என்னா பண்றது?"

"அப்ப நான் தனியாப் பாடுறேன்."

"தனியா என்னா பாட்டு தெரியும் ஒனக்கு?"

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பாதிப் பாட்டுதான். மற்ற பாதி அவருடையது.

அதற்குள் ரீத்தா ஓடி வந்தாள். "அக்கா! வரேன்னு சொல்லவே இல்ல? அடுத்த பாட்டு நீ பாடு. நான் ஒக்காந்துக்கிறேன்."

உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிந்தது.

"வேணாம், நீயே பாடு. அது லிவர் இல்ல, ரிவர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதன்பிறகு தனிப் பாட்டுகளாகத் தேடிப் படித்தேன். அடுத்த வருஷம் ரவாங் டவுனில் வேறொரு பேண்டில் சேர்ந்து, பல வருஷம் தனியாகவே பாடினேன்.

மேடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஜோடியாகத் தாராளமாகப் பாடுங்கள். ஆனால் ஒரு பாட்டையாவது முதலிலிருந்து கடைசிவரை தனியாகப் பாடத் தெரிந்துகொண்டு ஜோடி சேருங்கள்.

ரீத்தாவும் அண்ணனும் அந்தக் கிளப் மூடப்படும்வரை அங்கே பாடினார்கள். ரொம்ப நன்றாக இருக்கும் என்பார்கள். நான் போய்க் கேட்டதில்லை.