அமாவாசைச் சோறு தின்ற முயல்

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் பறவைகளுக்குத் தீனி போட்டால் அபராதம். அமாவாசைக்குச் சமைத்துவிட்டு, காக்கைக்கு வைக்காமல் நான் எப்படிச் சாப்பிடுவது? கணவர் போன பிறகு இதுவே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. சமையலறை வாசலில் மகள் வளர்க்கும் முயல் வந்து நிற்கும். எந்த உயிர் தின்றால் என்ன என்று முதல் கவளத்தை அதற்கே வைக்கத் தொடங்கினேன்.

முயல் வந்த அன்றே மகள் சொல்லியிருந்தாள். "காஞ்ச புல்லு, தண்ணி, கொஞ்சம் கீரை. வேற எதுவும் குடுக்காதீங்கம்மா." பெரிய இவள், எனக்கே சொல்ல வந்துவிட்டாள்! பச்சைப் பிள்ளை மாதிரி இருப்பதற்குப் போய் வைக்கோலைப் போடுவதா? எனக்கு மனசு கேட்கவில்லை.

போன மாதம் அமாவாசையில் அவருடைய திதியும் சேர்ந்து வந்தது. தேக்கா சந்தையில் வாழையிலை வாங்கிவந்து, வடை பாயசத்தோடு சமைத்தேன். நெய்யும் பருப்பும் பிசைந்த சோற்றோடு வாழைப்பழமும் பாயசமும் வைத்தேன். முயல் அத்தனையையும் நக்கித் தின்றது. அவரே வந்து சாப்பிட்டதுபோல் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் புல் அப்படியே கிடந்தது. கூண்டுத் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. முயல் மூலையில் முதுகைக் கூனி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகள் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பதறிவிட்டாள். "குடல் வேலை செய்யலம்மா. லேட் பண்ணா செத்துரும்." டாக்சியில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

என்ன சாப்பிட்டது என்று விலங்கு மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். புல் மட்டும்தான், அம்மா ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொள்வார் என்றாள் மகள். என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

"சோறு குடுத்தேன்மா," என்றேன். "பாயசமும். அப்பாவுக்கு வச்சது."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோற்றையும் பாயசத்தையும் மருத்துவரிடம் சொன்னாள். அப்பாவைச் சொல்லவில்லை.

ஊசி போட்டார்கள். கரைத்த தீனியை வீட்டில் மகளே சிரிஞ்சால் ஊட்டினாள். என்னைப் பக்கத்தில் விடவில்லை. ஒருவழியாகப் புழுக்கை விழுந்தபோது, ஐயோ, நான் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இந்த அமாவாசைக்கு மகளே கொத்தமல்லித் தழையைக் கழுவி என் கையில் கொடுத்தாள். "இத வைங்க. அப்பா கோவிச்சுக்க மாட்டாரு."

முயல் அவளைத் தாண்டி என்னிடம்தான் ஓடிவந்தது. தழையை விட்டுவிட்டு, பாயசம் இருக்கிறதா என்று என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது.

"அட பைத்தியமே," என்றேன். "இன்னுமா என்னை நம்புற?"