சின்னானைத் தேடி

பேரணாம்பட்டு மலையில் பறவைக் கணக்கெடுப்பு. மொட்டைப் பாறையும் முள்ளுமாகக் கிடக்கும் அந்த மலையில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்கிற அபூர்வப் பறவை இருக்கும் என்று அடித்துச் சொன்னவள் நான். "இந்தக் காய்ஞ்ச மலையில இன்னா இருக்கப்போவுது?" என்று கூட வந்த நண்பர் வழியெல்லாம் நச்சரித்தார். எனக்குப் பேஜாராகிவிட்டது. எதிரே ஆடு ஓட்டிவந்த அம்மாவிடம், "சின்னானைப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எம் புள்ளையா? ஷூ கம்பெனிக்குப் போய்ட்டானே" என்றார்.

நண்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பாறை இடுக்கில் முளைத்திருந்த அத்தியில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. மஞ்சள் தலை, மஞ்சள் தொண்டை, சாம்பல் மார்பு. அதேதான்! நண்பர் அவசரமாகக் கேமராவைத் தேடினார். அவருக்கு நன்றாகக் கேட்கும்படி அந்த அம்மாவிடம் சொன்னேன்:

"சின்னான் இன்னைக்கு லீவு போட்டுட்டாம்மா!"