பிரபுவுக்குப் பதக்கம் குத்த ஒரு கை

வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் காலை ஆறு மணிக்கே அவர் கோட்டு, டை, பளபளக்கும் ஷூ சகிதம் வாசற்கதவைத் திறந்துவைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். உள்ளங்கையில் நீல ரிப்பன் கட்டிய வெள்ளிப் பதக்கம். வீடு மூன்றாவது மாடி, கடைசிக் கதவு. லிஃப்ட் கிடையாது. ஆகவே அந்த வழியாக யாரும் எங்கும் போவதில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் 'பிரபு'. கேலிப்பெயர்தான், ஆனால் சட்டப்படி உண்மை. குழாய் இணைப்பில் ஒழுக்கை நிறுத்தும் ரப்பர் வளையம் ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக, பனி கொட்டும் தேசத்து அரசர் ஒருவர் அவரைப் பிரபுவாக்கினார். அந்தக் காலத்தில் கோட்டையைப் பிடித்தவர்களுக்குக் கொடுத்த பட்டம். நம்மவர் பிடித்தது சொட்டுத் தண்ணீரை. அரண்மனைக் குழாயும் ஒழுகத்தானே செய்யும்?

பட்டத்தோடு நாற்பது பக்க விதிப்புத்தகமும் வந்தது. அதை முழுக்கப் படித்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அரசரின் பிறந்தநாளன்று சூரியன் மறைவதற்குள் பதக்கம் நெஞ்சில் ஏற வேண்டும் என்கிறது பதினேழாம் விதி. பிரபு அதைத் தன் கையால் குத்திக்கொள்ளக் கூடாது என்கிறது பதினெட்டாவது.

மனைவி உயிரோடு இருந்தவரை அவர்தான் குத்திவிடுவார். "நெளியாம நில்லுங்க, ஊசிய நெஞ்சுல ஏத்திடப் போறேன்" என்று திட்டிக்கொண்டேதான். மனைவி போன பிறகு ஒரு வருஷம் கூரியர்காரர். போன வருஷம் மீட்டர் பார்க்க வந்தவர், "எந்தக் கட்சி சார் இது?" என்று கேட்டுக்கொண்டே குத்தினாராம்.

இந்த வருஷம் மூன்று மணிவரை ஈ காக்கை வரவில்லை. போனில் மகள் வந்தாள்.

"நீங்களே குத்திக்கோங்களேன்ப்பா. ராஜா வந்து பாக்கப் போறாரா?"

"அவர் பாக்கமாட்டாரும்மா. ஆனா எனக்குத் தெரியுமே."

"சாப்டீங்களா?"

"கோட்டுல சிந்திடும்னு..."

"ஐயோ அப்பா! சரி, மீட்டிங் இருக்கு, வச்சிடட்டுமா?"

கீழே இறங்கி யாரையாவது கேட்கலாம். பிரபுக்கள் கதவு கதவாகத் தட்டிக் கேட்பதில்லை. இது புத்தகத்தில் இல்லாத விதி, அவரே போட்டுக்கொண்டது.

நாலு மணிக்குச் சமையலறையில், கோட்டும் ஷூவுமாக மண்டியிட்டு, தொட்டிக்கு அடியிலிருந்த குழாய் நட்டை ஸ்பேனரால் ஒரு சுற்றுத் தளர்த்தினார். தரை விரிசலைத் தேடிக்கொண்டு போய்த் தண்ணீர் தன் கடமையைச் செய்தது.

ஐந்தேகாலுக்குக் கீழ்வீட்டு டெய்லர் அம்மாள், கழுத்தில் டேப்பும் மூச்சிரைப்புமாக ஏறிவந்தார்.

"சார்! எங்க அடுப்பு மேல சொட்டுது! குழாய்க்கு மெடல் வாங்கினவர் வீட்டுலேர்ந்தா? வெளில சொல்லிடாதீங்க!"

"இதோ பாத்துடறேம்மா. அதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம்..."

அம்மாள் பதக்கத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். தொழில் புத்தி, கை தானாகவே போய்க் கோட்டின் தோளை இழுத்துவிட்டது.

"தொளதொளன்னு தொங்குதே. ரொம்ப இளைச்சுட்டீங்க சார்."

பிரபு நெளியாமல் நின்றார். ஊசி சுளுவாக ஏறியது.

"மொதல்ல குழாயப் பாருங்க. நாளைக்கும் சொட்டுச்சுன்னா, மறுபடி ஏறி வருவேன், ஆமா!"

படியில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நின்று கேட்டுவிட்டு, பிரபு தொட்டிக்கு அடியில் குனிந்து நட்டை இறுக முறுக்கினார். ஒழுக்கு நின்றது. எழுந்திருக்கப் போனவர், சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார்.