நத்தைகளுக்கு உப்பு போட்ட காலை

நத்தையை அப்பாவி ஜீவன் என்று சொல்பவர்கள் யாரும் கத்தரி நாற்று வைத்துப் பார்த்தவர்கள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மடவார் வளாகம் பகுதியில் குடியிருந்தோம். எனக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலை. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கத்தரியும் கீரையும். ஐப்பசி மழை விழுந்ததும் ஓடு உள்ளதும் இல்லாததுமாக நத்தைகள் படையெடுத்து வந்து இலைகளையெல்லாம் சல்லடையாக்கிவிட்டன.

கொல்ல எனக்கு வழியில்லை. மனைவிக்கு ஆறாம் மாதம். பிள்ளைத்தாச்சியின் புருஷன் உயிர்க்கொலை செய்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்ததால் மீறும் துணிச்சல் எனக்கு வரவில்லை. தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு, தெருக்கோடிப் பொட்டலில் கொட்டிவிட்டு வருவேன். விரலில் ஒட்டும் அந்தக் கோழை சோப்புப் போட்டாலும் போகாது. மறுநாள் அதே கூட்டம் வந்து நிற்கும். வேண்டுமென்றே என்னைச் சீண்டுகின்றன என்றுதான் நினைத்தேன்.

மம்சாபுரத்திலிருந்து புது நாற்று வாங்கி வந்து நட்டேன். இரண்டாம் நாள் காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் வெறும் குச்சிகள். ஆத்திரத்தில் கண்மண் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து உப்பு ஜாடியைத் தூக்கி வந்து அள்ளி அள்ளி வீசினேன். நுரை தள்ளிச் சுருண்டன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பினால், துவைத்த துணியோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"புள்ள பொறக்குற வரைக்கும் பொறுத்துக்கிட ஏலாதா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு வயிற்றில் பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டாலும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. மிச்சமிருந்த சனியன்கள் என் கீரையைத் தின்று கொழுத்தன.

மாசியில் ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். நான் உள்ளே போனபோது மனைவி துணியை விலக்கிப் பிள்ளையின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கை, கால், காது, உதடு எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"இனி போயி ஒண்ணு விடாமக் கொல்லுங்க," என்றாள். "எம்புட்டு நாளா நானும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"