செம்புத் தகட்டில் கை மாறிய கிளி

போன தை மாதம் நான் ராஜபாளையம் போனதற்குக் காரணம் என் மகள். மதுரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். பூஜை அறைக் கதவில் கஜலட்சுமி வேண்டும், அதுவும் செம்புத் தகட்டை அடித்துப் புடைத்து, நடுநடுவே கலர் கண்ணாடி பதித்தது வேண்டும் என்றாள். அந்த வேலையில் தென்னாட்டிலேயே ஒரே ஆள் ராஜபாளையம் கஸ்தூரி அம்மாதான். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலை விஷயம் எனக்குத் தானாகத் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டதால் கண் கெடாமல் இருக்கிறது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ராஜபாளையம் எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். வலது பக்க ஜன்னல் சீட்டாகப் பிடியுங்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது மலை கூடவே வரும். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் வரிசை கட்டி நின்றதில் பத்து நிமிஷம் போனது. நான் இறங்கி வழி ஏற்படுத்திக் கொடுத்திருப்பேன், அதற்குள் கிளம்பிவிட்டது.

ராஜபாளையத்தில் ஆட்டோக்காரர் செல்வம் மூன்று கிலோமீட்டருக்கு எண்பது ரூபாய் கேட்டார். அவருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

"கஸ்தூரி அக்கா பட்டறைக்கா அண்ணாச்சி? அவியளுக்குக் கண்ணாடி ஏத்தி எறக்குறதே நான்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல."

"நான் ஏறினா வண்டியே ஆடாது," என்றேன்.

"ஆடாது அண்ணாச்சி. நகரவும் செய்யாது."

கஸ்தூரி அம்மாவுக்கு அறுபதைத் தொடும் வயது. பாத்திரக் கடையில் உட்கார்ந்து கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியதுதான் அவருடைய முதல் உத்தியோகம். அங்கிருந்து சாமிக்குக் கவசம், கோயில் கதவுக்குத் தகடு என்று கை வளர்ந்தது. ஒரு மாதா கோயிலுக்குத் தகடு அடிக்கப் போன இடத்தில், ஜன்னல் மாற்றி உடைத்துப் போட்ட கலர் கண்ணாடியை மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். தகட்டில் ஓட்டை வெட்டி, பின்னாலிருந்து கண்ணாடியை வைத்து, அதற்கும் பின்னால் விளக்கைப் போட்டுப் பார்த்தவர், அன்றிலிருந்து வெறும் தகடு செய்யவே இல்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் இவருடைய தென்னந்தோப்பு இருக்கிறது. அதைப் பார்த்து நோயாளிகள் எழுந்து நடந்தார்களாம். இதில் நான் கொஞ்சம்தான் சேர்த்திருக்கிறேன்.

பெங்களூரு வரைக்கும் இவர் வேலை சுவரேறியிருக்கிறது, சொந்தச் சீமையில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்காரர் முன்கூடத்துக்கு ஆண்டாள் கேட்டதுதான் இந்தப் பக்கத்து முதல் அழைப்பு. வெள்ளிக்கிழமை திறப்பு. மூன்று மாத வேலை. நான் போன நேரம், தகட்டின் மேலிருந்த போர்வையை விலக்கி அம்மா எனக்குக் காட்டினார்.

ஆறடி உயரம். சாய்ந்த கொண்டை, சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடி மாலை, கையில் பச்சைக் கண்ணாடிக் கிளி. நான் உலகத்தில் பார்க்காத சிற்பம் கிடையாது, ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டேன். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த செல்வம் அதை மெதுவாக இறக்கிவைத்தார். பிறகு, கிளி உட்கார்ந்திருக்கிற மாதிரி தன் இடது கையைத் தூக்கினார். தகட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"அக்கா, ஆண்டாளுக்குக் கிளி இடது கைலதான இருக்கும்? இது வலது கைல்லா."

அம்மா அசல் படத்தை எடுத்து வந்து தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

நடந்தது இதுதான். தகட்டை அரக்கின் மேல் குப்புறப் போட்டு, பின்பக்கமாக அடித்துத்தான் முன்பக்கம் புடைக்க வைக்கிறார்கள். அதனால் படத்தை இடம் வலம் மாற்றி ஒட்ட வேண்டும். படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுக்கும் கடைக்காரர் பழகிய மனுஷர், இந்தத் தடவை கேட்காமலே மாற்றி அடித்திருக்கிறார். அம்மாவும் வழக்கம்போலத் தாளைப் புரட்டி ஒட்டியிருக்கிறார். இரண்டு முறை மாற்றியதில் கிளி கை மாறிவிட்டது, கொண்டையும் பக்கம் மாறிவிட்டது. மூன்று மாதம் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அதுதான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

"கையை மட்டும் வெட்டி மாத்திரலாமே," என்றேன்.

"கையை மாத்தலாம் அண்ணாச்சி. கொண்டைய? ஒட்டுப் போட்ட ஆண்டாள்னு ஊரே சொல்லும். அந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கிளி எந்தக் கைன்னு. இத அவிய வேண்டாம்னு எறக்கிட்டா, பொறவு இந்தப் பக்கம் யாரு என்னையக் கூப்பிடுவா?"

கிளி எந்தக் கை என்று நேரிலேயே பார்த்துவிட நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பினேன். அம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். சன்னதியில் கிளி இடது கையில்தான் இருந்தது. அடுத்து கண்ணாடிக் கிணறு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் தான் போட்டுக்கொண்டு அழகு பார்த்த கிணறு என்று சொல்வார்கள். அம்மா அங்கே செத்த நேரம் நின்றுவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்து, ஆட்டோக் கண்ணாடிக்கு முன்னால் இடது கையைத் தூக்கினார்.

"ஏலே செல்வம், உள்ள தெரியுதவளுக்கு இது எந்தக் கை?"

"அவளுக்கு வலது கைக்கா."

"அப்ப கிணத்துல தெரிஞ்ச ஆண்டாளுக்கு?"

எனக்கும் அது தோன்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுவதும் உருவத்தில் ஓர் அடிகூட அடிக்கவில்லை. சுற்றிலும் பித்தளையில் வட்டமாகக் கிணற்றுச் சுவர் வந்தது. உள்ளே நீலக் கண்ணாடித் துண்டுகள், தண்ணீர் அலை மாதிரி. கண்ணாடி எடுத்துக் கொடுத்தது நான். இரண்டுதான் உடைந்தது.

வெள்ளிக்கிழமை காலை தகட்டை மண்டபத்து முன்கூடச் சுவரில் ஏற்றினோம். மண்டபத்துக்காரர் வந்து பார்த்தார். பெரிய மீசை. பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கிளி கை மாறியிருக்கே, ஏம்மா?"

கஸ்தூரி அம்மா மறைக்கவில்லை. "ஆமா அண்ணாச்சி. படத்தத் திருப்புனதுல மாறிப்போச்சு. அடிச்சது தப்பாத்தான் அடிச்சேன். இது கோயில்ல இருக்க ஆண்டாள் இல்ல, கிணத்துல தெரிஞ்ச ஆண்டாள். நேரா நின்னு இடது கையத் தூக்கிப் பாருங்க. பொறவும் வேண்டாம்னா எறக்கிருதேன்."

அவர் சந்தேகமாகத்தான் தூக்கினார். கிளி அவர் கைக்கு நேர் எதிரே இருந்தது. விளக்கைப் போட்டார்கள். நீலக் கண்ணாடி வெளிச்சம் அவர் சட்டையில் விழுந்தது. கையை இறக்காமலே வெகுநேரம் நின்றார். செல்வம் வாசற்படியில் நின்றபடி தன் கையையும் தூக்கிச் சரிபார்த்துக்கொண்டார்.

"ஏலே, இந்தச் சோபாவ எடுத்து அங்கிட்டுப் போடுங்க," என்றார் மண்டபத்துக்காரர். "இங்க ஆள் நிக்க இடம் வேணும்."

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார்.

போகிறவர்களுக்கு: தகடு செய்யச் சொல்ல மூன்று மாதம் முன்னாலேயே போங்கள். படத்தை நீங்களாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், திருப்புவது அவர் வேலை. என் கஜலட்சுமிக்கு எந்த யானை எந்தப் பக்கம் என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். பால்கோவாவைச் சூடாக இருக்கும்போது வாங்கி, மதுரைக்கு வருமுன் தின்றுவிடுங்கள். மண்டபத்தில் கல்யாணம் இல்லாத நாளில் காவலாளியிடம் சொன்னால் உள்ளே விடுவார், என் பேரைச் சொன்னால் இன்னும் சீக்கிரம் விடுவார். சுவரோரமாக நின்று பார்க்காதீர்கள். சோபா இருந்த இடத்தில் நில்லுங்கள். ஆண்டாள் நின்றது அங்கேதான்.