ஓட்டம் குறைந்த காரும் வயதான பெல்ட்டும்

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டார், கல்யாணம் காட்சிக்கு ஊருக்கு வரும்போது மட்டும் வெளியே எடுத்த காரை என் கணவர் வாங்கினார். பத்து வயதான வண்டி. ஆனால் ஓட்டம் மிகக் குறைவு. "என்ஜினை ஓட வைக்கிற ரப்பர் பட்டை, டைமிங் பெல்ட்டை மாத்திட்டு ஓட்டுங்க சார்" என்றார் மெக்கானிக். "ஓடாத வண்டியில என்ன தேஞ்சிருக்கும்?" என்று இவர் மறுத்துவிட்டார்.

அடுத்த மாதமே என் தங்கை மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் கார்தான். பூ அலங்காரத்தோடு பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பிய ஊர்வலம் பாதித் தெருவைத் தாண்டியபோது, 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டு என்ஜின் நின்றுவிட்டது. இவர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வண்டி அசையவில்லை.

மாப்பிள்ளை இறங்கப் போனான். "நடுவுல இறங்கக் கூடாதுப்பா, உக்காரு" என்று தடுத்த என் அண்ணன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாதஸ்வரக்காரர் அந்த வேகத்துக்கு ஏற்ப வாசித்தார். மண்டப வாசலில் பெண் வீட்டார், "அவசரமில்லாம எம்புட்டு அழகா வந்தீக" என்று மெச்சினார்கள்.

மறுநாள் மெக்கானிக் அறுந்த பெல்ட்டைக் காட்டினார். "ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும்ல சார். நல்லவேளை, பைபாஸ்ல போறப்ப அறுகலை." பெல்ட் அறுந்ததால் என்ஜினுக்குள் வளைந்துபோன வால்வுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் பழைய கார் வாங்கும் உறவினர்களிடம், கிலோமீட்டரோடு வருடத்தையும் பார்க்கச் சொல்கிறேன். பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், முதல் வேலையாக அதை மாற்றச் சொல்கிறேன். இவர் குறுக்கே வந்து "ஓட்டம் கம்மியா இருந்தா..." என்று தொடங்கினால், அண்ணன் தோளைத் தடவிக் காட்டுகிறார்.